நான்காம் தூணுக்கும் ஐந்தாம் தூணுக்கும் நடுவே

சிறை, கடலூர்
3.11.2024

அன்புள்ள ஜானட் அக்காவுக்கு,

தம்பி இக்னேஷியஸ் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். நீயும் என் மகள் மதியும் சுகமாக இருக்க மாதாவை நச்சரித்துக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் வைத்திருந்த இடத்தில் ஆள் அதிகம் என்று எங்களில் இருபது பேரை இங்கே மாற்றிவிட்டார்கள். இனி வாய்தாவெல்லாம் டிவிப் பெட்டி வழியாகத்தான். நீ எண்ணூரிலிருந்து இவ்வளவு தூரம் வர வேண்டாம். மதியைக் கூட்டிக்கொண்டு கண்டிப்பாக வராதே, கம்பிக்குப் பின்னால் அவள் என்னைப் பார்க்கக் கூடாது. போனில் பேசலாம் என்றால் உன் சிம் இன்னும் என் பெண்டாட்டி வேம்பு பெயரில் இருக்கிறது. செத்தவள் பெயரில் இருக்கும் நம்பரை இங்கே பதிய மாட்டார்களாம். ஆக நமக்கு இன்லேண்ட் லெட்டர்தான்.

அக்கா, எனக்கு ஒரே ஒரு உதவி செய். நம் வீட்டுக்குப் பின்னால் கம்பெனி காஸ் பைப் போகிறதே, அதைத் தாங்கும் தூண்களில் நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் புல் இருக்கிறது. தினமும் காலையில் நான் வேலைக்குப் போகும் முன் அந்தப் புல்லைக் காலால் தள்ளிக்கொண்டு நடப்பேன். எத்தனை வெட்டுக்கிளி குதிக்கிறது என்று எண்ணுவேன். மூக்குக்குத் தெரியாத கசிவு அதுகளுக்குத் தெரியும். அன்றைக்கு ஒன்றுகூடக் குதிக்கவில்லை, எல்லாம் மல்லாந்து கிடந்தன. அதைப் பார்த்துத்தான் ஓடிப்போய் வால்வை மூடினேன். கசிவே இல்லை, குடித்துவிட்டு நாசவேலை செய்தான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. "வெட்டுக்கிளி வந்து உன் காதுல சொல்லிச்சா?" என்று ஸ்டேஷனில் கேட்டுச் சிரித்தார்கள்.

இனி நீ எண்ணு. எண்ணி எனக்கு எழுது. ஐந்துக்குக் கீழே போனால் மதியைத் தூக்கிக்கொண்டு ராயபுரத்தில் நம் பங்காளி லூர்து வீட்டுக்கு ஓடிவிடு. இதை மதியிடமும் சொல்லி வை. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

தம்பி
இக்னேஷியஸ்


சங்கிலிக்குப்பம், எண்ணூர்
14.11.2024

அன்புத் தம்பிக்கு அக்கா ஜானட் எழுதியது.

மாதா புண்ணியத்தில் நானும் உன் மகளும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? குளிருக்குப் போர்வை கொடுத்தார்களா?

மழை பெய்து புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. நீ மூடிய பைப்பை இன்னும் திறக்கவில்லை, சத்தமே இல்லை. இன்று காலை எண்ணிக்கை பத்தொன்பது. நாற்பத்து மூன்று வயதுப் பொம்பளை புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு புல்லுக்குள் நடப்பதைத் தெருவே நின்று வேடிக்கை பார்க்கிறது. அப்புறம் ஈரக் காலோடு சாத்தாங்காட்டுக்கு ஓடி, இரும்புக் கடை ஆபீஸைக் கூட்டிப் பெருக்க வேண்டும். மதியும் கூடவே எண்ணுகிறாள். ஒன்றுக்கு வாத்தியார் என்று பேர் வைத்திருக்கிறாள், முட்டி போட்டு முறைக்கிறதாம்.

அவளுக்கு இருமல் கொஞ்சம் இருக்கிறது. வாசலில் ஒரு பை கட்டி வைத்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது தம்பி, ஆனால் இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போவது? பட்டா இல்லை. பூட்டினால் மறுநாளே வேலி போட்டுவிடுவார்கள்.

கீழே மீதி இடம் மதிக்கு. படம் வரைந்து, மடித்து, சோற்றுப் பசை போட்டு ஒட்டுவது இனி அவள் வேலையாம். என்னைத் தொடவிட மாட்டாளாம்.

அக்கா
ஜானட்

(அடியில் பென்சில் படம். புல்லும் பத்தொன்பது வெட்டுக்கிளிகளும். அதன் மேலேயே சிறையின் தணிக்கை முத்திரை, தேதியோடு.)


சிறை, கடலூர்
27.11.2024

அக்காவுக்கு,

நலம். பத்தொன்பது என்று படித்ததும் அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. மதியின் இருமலுக்குக் கற்பூரவல்லி கொடு.

இங்கே அத்தாவுல்லா என்று ஒரு தோஸ்து கிடைத்திருக்கிறார். ராயபுரத்துக்காரர்தான். சிறை நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறார். என் கேஸைக் கேட்டுவிட்டு, வெட்டுக்கிளி வரும் புத்தகமாகத் தேடி எடுத்துக் கொடுக்கிறார். ஒரு கதையில் அது வெயில்காலம் முழுக்கப் பாடித் திரிந்துவிட்டு மழைக்காலத்தில் எறும்பிடம் கையேந்துகிறது. இன்னொன்றில் கடவுள் கோபத்தில் அனுப்ப, கூட்டமாக வந்து வானத்தை மறைத்து ஒரு தேசத்துப் பயிரையே தின்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் படித்த பைபிள் வாசகத்தில், பெரிய பெரிய ஆட்களைப் பார்த்து நடுங்கியவர்கள் தங்களையே வெட்டுக்கிளி என்று நினைத்துக்கொண்டார்கள். சோம்பேறி, திருடன், தண்டனை, அற்பம். எழுதினவர்கள் எல்லாம் இந்த நாலில் ஒரு பேரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். காவல்காரன் என்று ஒருவர்கூட எழுதவில்லையே என்றேன்.

"அவுங்க யாரும் உங்க தெருவுல குடியிருந்ததில்ல மாமு" என்றார் அத்தாவுல்லா.

அக்கா, எந்தக் கடிதத்திலும் எண்ணை விட்டுவிடாதே. தேதி போட்டு எழுது. ஏன் என்று கேட்காதே, இப்போது சொல்ல முடியாது.

இக்னேஷியஸ்


சங்கிலிக்குப்பம்
10.12.2024

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். என்னால் நாங்களும் அப்படியே என்று எழுத முடியவில்லை.

ஒன்றாம் தேதியிலிருந்து பைப்பில் மறுபடி சத்தம் கேட்கிறது. காலையில் ஒரு நெடி வருகிறது, தொண்டையில் ஊசி போல. இன்றைக்கு எண்ணிக்கை பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை மதிக்கு மூச்சு வாங்கிவிட்டது. உதடு நீலம் பாரித்துப் போனது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். புகை வைத்து மூச்சைத் திருப்பினார்கள். "எந்த ஏரியாம்மா?" என்று டாக்டர் கேட்டார். சொன்னதும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இப்போது தேவலை. பக்கத்தில் உட்கார்ந்து வாத்தியாரைக் காணோம் என்று முனகுகிறாள்.

ஜானட்

(அடியில் பதினொரு வெட்டுக்கிளிகள். மேலே முத்திரை.)


சிறை, கடலூர்
19.12.2024

மரியாதைக்குரிய சகோதரி ஜானட் அவர்களுக்கு,

தங்களை நேரில் அறியாத அத்தாவுல்லா எழுதுவது. தாங்களும் குழந்தையும் நலமாக இருக்க என் துஆ. தம்பி இக்னேஷியஸால் இப்போது எழுத முடியாததால் நான் எழுதுகிறேன்.

தங்கள் கடிதம் வந்ததிலிருந்து அவர் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. "என்னை வுடு, எம் பொண்ணு மூச்சு வுட முடியாம கீது" என்று கத்திக் கம்பியில் தலையை மோதிக்கொண்டார். நெற்றியில் நாலு தையல். சிறை மருத்துவமனையில் படுத்திருக்கிறார். இன்னொரு முறை இப்படி ஆனால் ஆள் தாங்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் சொல்வது தப்பாக இருந்தால் மன்னியுங்கள். எழுதும்போது கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.

தங்கள் சகோதரன்
அத்தாவுல்லா


சங்கிலிக்குப்பம்
28.12.2024

என் செல்லத் தம்பிக்கு,

பிறந்த பாலன் உன் நெற்றியைத் தொட்டுக் குணமாக்கட்டும். பைத்தியக்காரா, மண்டையை உடைத்துக்கொண்டால் கதவு திறந்துவிடுமா? வெளியே வந்ததும் நானே உடைக்கிறேன், பொறுத்திரு.

இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. அந்த நெடி பைப்பிலிருந்து வந்ததில்லையாம், கருவாட்டுக் கிடங்கில் ஏதோ அழுகிப் போயிருந்ததாம். மதிக்கு வந்தது சாதாரணச் சளி. கேக்கு தின்றாள், புதுச் சட்டை போட்டுக்கொண்டு பூசைக்குப் போனாள். வெட்டுக்கிளி இன்றைக்கு இருபத்திரண்டு. புடவையிலெல்லாம் ஏறிக்கொள்கிறது, சனியன்.

நீ சாப்பிடு. மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜானட்

(அடியில் ஏழு வெட்டுக்கிளிகள். ஒன்று மல்லாந்திருக்கிறது. மேலே முத்திரை.)


சிறை, கடலூர்
11.1.2025

அக்காவுக்கு,

தையல் பிரித்தாகிவிட்டது. உன்னைப் பயமுறுத்தியதற்கு மன்னித்துக்கொள். உன் உடம்பைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே, உன் பழைய கண் எரிச்சல் எப்படி இருக்கிறது?

இருபத்திரண்டு என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் உன் மருமகள் சோம்பேறி ஆகிவிட்டாள். படத்தில் ஏழுதான் இருக்கிறது, அதிலும் ஒன்றைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாள். அவள் நைனா நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லு.

கம்பெனியின் காண்ட்ராக்டர் வரதன் இங்கே வந்து பார்த்தார். குடித்திருந்தேன், கசிவு எதுவும் இல்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டால் கம்பெனி ஜாமீனை எதிர்க்காதாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். பிப்ரவரி ஆறாம் தேதி வாய்தா. இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் செங்கொடி கெட்டிக்காரி. நல்லது நடக்கும்.

இக்னேஷியஸ்


சங்கிலிக்குப்பம்
25.1.2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். கண்ணெல்லாம் நன்றாகத் தெரிகிறது. நீ ஒழுங்காகத் தூங்கு.

வரதன் இங்கேயும் வந்தார். "ஒரு கையெழுத்து தானம்மா, போட்டுட்டு பொண்ணு கிட்ட வந்து சேர சொல்லு. வீம்பு புடிச்சு இன்னா ஆவப் போவுது?" என்றார். அந்த ஆளைக் கண்டாலே எனக்கு எரியும், ஆனாலும் அவர் சொல்வதில் என்ன தப்பு? உன் மகளுக்கு நீ வேண்டும். எனக்கும் வேண்டும். தனியாக என்னால் முடியவில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வெட்டுக்கிளி இருபத்தாறு. பயப்பட ஒன்றுமே இல்லை. போட்டுவிட்டு வா.

ஜானட்

(அடியில் சாய்ந்த புல். இரண்டு வெட்டுக்கிளிகள். மேலே முத்திரை.)


சிறை, கடலூர்
8.2.2025

அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. நீங்கள் இருவரும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இத்தனை நாள் சொல்லாததை இப்போது சொல்கிறேன். கேஸில் எனக்குச் சாட்சியே இல்லை. சிறைக்கு வரும் ஒவ்வொரு கடிதத்திலும் தேதியோடு முத்திரை விழுகிறது, அதைப் பின்னால் யாரும் திருத்த முடியாது என்று செங்கொடி மேடம் கண்டுபிடித்தார். "உங்க அக்காகிட்ட சொல்லாதீங்க. சொல்லிவெச்சு எழுதினா அது சாட்சி இல்ல, டிராமா" என்றார். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பைப் நின்றிருந்தபோது பத்தொன்பது, ஓடத் தொடங்கியதும் பதினொன்று. அந்த இரண்டு கடிதத்தையும் தாக்கல் செய்தார். மற்ற கடிதங்கள் எங்கே என்று கம்பெனி வக்கீல் கேட்டார். எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர் உரக்கப் படித்தார். இருபத்திரண்டு. இருபத்தாறு. "பைப் ஓட ஓட வெட்டுக்கிளி பெருகியிருக்கிறது. அடுத்து அரசாங்கம் மருந்து அடிக்க வேண்டியதுதான்" என்றார். கோர்ட்டே சிரித்தது. டிவிப் பெட்டியில் என் முகம் ஒரு மூலையில் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தது. அந்த பைபிள் வாசகத்தில் வந்தவர்கள் தங்களை வெட்டுக்கிளி என்று நினைத்தது சரிதான் என்று பட்டது.

உன்மேல் கோபம் இல்லை அக்கா. நீ பார்த்ததைத்தானே எழுதினாய். நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. அன்றைக்குப் புல்லில் யாராவது பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். அதற்குப் போய் மதியை நாலு மாதம் தவிக்கவிட்டேனே. வருகிற 17ஆம் தேதி திங்கட்கிழமை வரதன் காகிதத்தோடு வருகிறார். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

இக்னேஷியஸ்


ராயபுரம்
13.2.2025
ஸ்பீட் போஸ்ட்

இக்னேஷியஸ்,

நலம் விசாரிக்க நேரமில்லை. கையெழுத்துப் போடாதே. போடாதே.

டிசம்பர் பத்துக்குப் பிறகு நான் ஒருநாள்கூடப் புல் பக்கம் போகவில்லை. போகப் பயம். எத்தனை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே பயம். அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு இருபத்திரண்டு என்று எழுதினேன். நீ மண்டையை உடைத்துக்கொண்டு செத்துப்போவாய் என்றுதான் எழுதினேன்.

எண்ணியது மதி. நான் வேண்டாம் என்று சொல்லியும், ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு தினமும் போயிருக்கிறாள். நான் எழுதி வைத்துவிட்டுப் போவேன், அவள் வரைந்து ஒட்டிவிடுவாள். அந்தப் படங்களை நான் பார்த்ததே இல்லை. படத்தில் ஏழுதான் என்று நீ எழுதினாயே, அன்றைக்குத்தான் அவளைக் கேட்டேன். "ஏழு தான் அத்த இருந்துச்சு. ஒண்ணு செத்துப் போச்சு" என்றாள். அதைக் கேட்ட பிறகும் நான் இருபத்தாறு என்று எழுதினேன் தம்பி. ஐந்துக்குக் கீழே போய்விட்டது என்று மதி வந்து சொல்லியும் அந்த வீட்டிலேயே அவளை வைத்திருந்தேன். வீடு போய்விடுமே என்று, நீ கையெழுத்துப் போட்டு வந்துவிடுவாய் என்று. எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லித் தீர்ப்பது?

நேற்று உன் கடிதம் வந்தது. கதவைப் பூட்டிவிட்டு மதியோடு லூர்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலி போட்டால் போட்டுக்கொள்ளட்டும். இன்று காலை செங்கொடி மேடத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "கோர்ட்டுல பொய் சொன்னேன்னு ஒத்துக்கணும்மா, உங்கள கிழிச்சிடுவாங்க" என்றார். கிழிக்கட்டும்.

நீ தப்பாகப் பார்க்கவில்லை.

ஜானட்


சிறை, கடலூர்
6.3.2025

அக்காவுக்கு,

நானும் அத்தாவுல்லாவும் நலம். லூர்து வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள்? மதிக்கு மூச்சு எப்படி இருக்கிறது? உண்மையை மட்டும் எழுது.

உன் கடிதம் 15ஆம் தேதி சனிக்கிழமை கைக்கு வந்தது. இரண்டு நாள் தாமதித்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். திங்கட்கிழமை வரதன் பேனாவை நீட்டினார். மதியின் படங்களைப் பற்றிச் சொன்னேன். பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று நீ கூண்டில் நின்றதைப் பெட்டியில் பார்த்தேன். "நான் எழுதினது பொய்ங்க. கொழந்த போட்டது நெசம்" என்றாய். கம்பெனி வக்கீல் உன்னைப் போட்டுக் கிழித்தபோது பெட்டியை உடைக்கலாம் போல இருந்தது. பிறகு நீதிபதி அம்மா அந்த நாலு காகிதத்தையும் வாங்கி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாப் படத்தின் மேலும் முத்திரை. பத்தொன்பது, பதினொன்று, ஏழு, இரண்டு. அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன், எண்ணிக்கொண்டிருந்தார். கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை.

பைப்பை நிறுத்திச் சோதனை போடச் சொல்லி உத்தரவாகியிருக்கிறது. அறிக்கை வந்த பிறகுதான் ஜாமீன். என்ன வருமோ தெரியவில்லை, பயம் போகவில்லை. நீ பொய் சொன்னாய், நான் விஷயத்தை மறைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அவளைக் கொன்றிருப்போம். இனி இந்த வேலை வேண்டாம் அக்கா.

மதியைத் தனியாக ஒரு கடிதம் எழுதச் சொல்லு. இன்லேண்ட் முழுக்க அவளுக்கே.

இக்னேஷியஸ்


ராயபுரம்
14.3.2025

அன்புள்ள நைனாவுக்கு மதி எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? மண்டை வலிக்குதா? அத்தை நல்லா இருக்கு, அடிக்கடி அழுவுது. இருமல் கம்மி. லூர்து சித்தப்பா பையன் ஜெரி அண்ணன் என்னை ரயில் பார்க்கக் கூட்டினு போச்சு.

நைனா, லூர்து சித்தப்பா வூட்டைச் சுத்தி சிமெண்டு தரைதான். புல்லே இல்லை. நான் தினமும் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி தேடுறேன். கோவில் பின்னாடி, தண்டவாளம் பக்கம், குழாயடி எல்லாம் தேடிட்டேன். அத்தை இங்க பயம் இல்லடி, நிம்மதியா இருன்னு சொல்லுது. அத்தை முன்னாடியும் அப்படித்தான் சொல்லுச்சு.

அஞ்சுக்குக் கீழ போனா லூர்து சித்தப்பா வூட்டுக்கு ஓடணும்னு நீதான் சொன்ன. நாங்க லூர்து சித்தப்பா வூட்லதான் கீறோம். இங்க ஒண்ணுகூட இல்ல. இப்ப எங்க ஓடணும் நைனா?

சீக்கிரம் பதில் போடு.

மதி

(அடியில் படம் இல்லை. காலியாக விட்ட இடத்தில் முத்திரை மட்டும்.)